சீன மூலிகை உருண்டையையும் கிளினிக் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

புந்தோங் வாசகி:

வணக்கம். மலேசியா, ஈப்போ புந்தோங்கிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு வயது 63. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இனிப்புநீர் பல வருடங்களாக இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபார்மினும் கிளிக்ளசைட் 80 மில்லிகிராமும் கொடுக்கிறார்கள். கடைசியாகப் பார்த்தபோது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 9.1 என்று வந்ததும், இன்சுலின் தொடங்கலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. ஊசி வந்துவிட்டால் கதை முடிந்தது என்பது இவருடைய தீர்மானம். இவருடைய அண்ணனுக்கு ஊசி தொடங்கிய வருடமே கால் விரலை எடுத்தார்களாம், ஊசிதான் காரணமாம். விரல் கறுத்துப்போன பிறகுதான் ஊசியே தொடங்கினார்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறாது.

அடுத்த வீட்டுச் சீன அம்மா எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி. அவருக்கும் இனிப்புநீர். அவருடைய தம்பி குவாங்சோவில் இருக்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் அங்கிருந்து ஒரு மருந்து கொண்டுவருவார். கறுப்பு உருண்டைகள், பட்டாணியைவிடச் சற்றுச் சிறியவை. கடித்தால் உள்ளே பழுப்பு நிறம். பெயர் ‘சியாவ்கே வான்’ என்கிறார். வேளைக்குப் பத்து உருண்டை, மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். இவர் புலம்பியதைக் கேட்டுவிட்டு அந்த அம்மா பாவம் பார்த்து ஒரு புட்டி கொடுத்தார்.

அதன் பிறகு நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் 10, 11 என்று காட்டிய கருவி 6 காட்டத் தொடங்கியது (இங்கே மில்லிமோல் கணக்கு; இந்திய எண்ணுக்கு 18ஆல் பெருக்குங்கள்). இவர் வீட்டுக்குள் ராஜாபோல நடந்தார். கிளினிக் மாத்திரையையும் விடவில்லை, உருண்டையையும் விடவில்லை. சென்ற வாரம் ஒரு நாள் மாலையில் உருண்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், பேரனை அழைத்துவரப் பள்ளிக்கூடத்திற்குப் போனார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கை நடுக்கம். என்னிடம் சம்பந்தமே இல்லாமல் எரிந்து விழுந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 3.1. சீனி அதிகம் போட்டுத் தேநீர் கொடுத்தேன். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார்.

இப்போது இவர் சொல்வது: மூலிகைக்கு அப்படிச் சக்தி கிடையாது, மாத்திரைதான் அதிகமாகிவிட்டது, ஆகவே மாத்திரையை நிறுத்திவிட்டு உருண்டையை மட்டும் சாப்பிடுவாராம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிளினிக்கில் கேட்டால் திட்டுவார்கள் என்று பயமாகவும் இருக்கிறது.

ஜொகூர் செல்வம்:

அக்கா, பயப்பட வேண்டாம். சீனர்கள் இரண்டாயிரம் வருடமாகப் பார்த்துவரும் வைத்தியம். என் அம்மாவுக்குச் சின்செ (சீன வைத்தியர்) ஒருவர் கஷாயம் கொடுத்தார். கூடவே சோளக்கதிரின் நூலைக் காய்ச்சித் தண்ணீராகக் குடிக்கச் சொன்னார். அம்மா ஆங்கில மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். இன்றைக்கும் கோயிலுக்கு நடந்தே போகிறார். மூலிகைக்குப் பக்க விளைவு கிடையாது. மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பழைய மருந்தாளர்:

அம்மா, முதலில் அந்தப் புட்டியை உங்கள் வீட்டுக்காரர் கையில் கிடைக்காத இடத்தில் வையுங்கள். கிளினிக் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நாளைக் காலையில் புட்டியோடு கிளினிக்கிற்குப் போங்கள். இனி நான் சொல்வதை நிதானமாக வாசிக்கலாம்.

சியாவ்கே வான் வெறும் மூலிகை உருண்டை அன்று. அதில் மேல்நாட்டு மருந்து கலந்திருக்கிறது. திருட்டுத்தனமாக இல்லை, சீன அரசின் அனுமதியோடு, பெட்டியிலேயே அச்சிட்டு விற்கிறார்கள். பத்து உருண்டைக்கு 2.5 மில்லிகிராம் கிளிபென்கிளமைட். தமிழ்நாட்டில் டயோனில் என்ற பெயரில் ஊருக்கெல்லாம் தெரிந்த அதே மருந்து. வேளைக்குப் பத்து, மூன்று வேளை என்றால் ஒரு நாளைக்கு 7.5 மில்லிகிராம், அதாவது ஐந்து மில்லிகிராம் டயோனில் ஒன்றரை மாத்திரை. உங்கள் வீட்டுக்காரர் ஏற்கெனவே சாப்பிடும் கிளிக்ளசைடும் இதே குடும்பம். இரண்டும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இரண்டையும் ஒருவருக்கு எந்த டாக்டரும் சேர்த்து எழுத மாட்டார். எழுதினால் நாங்கள் கவுன்டரிலிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்போம்.

ஊசி வேண்டாம் என்று ஓடியவர், மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொண்டார். காலைச் சர்க்கரை 6 ஆனதற்கும், படியில் உட்கார்ந்ததற்கும் காரணம் ஒன்றே.

பெட்டி இருந்தால், அந்தச் சீன அம்மாவையோ அவர் பிள்ளைகளையோ வாசிக்கச் சொல்லுங்கள். சேர்மானப் பட்டியலின் கடைசிப் பக்கமாக நான்கு எழுத்துகள் இருக்கும். மாண்டரினில் ‘கெ லியே பென் நியாவ்’. கிளிபென்கிளமைட்டுக்குச் சீனத்தில் அதுதான் பெயர். மற்றவை உண்மையான மூலிகைகள்: கூட்ஸு கொடியின் வேர், திஹுவாங் கிழங்கு, ஹுவாங்சி வேர், நம் புடலையின் இனத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் கிழங்கு, வள்ளிக்கிழங்கு வகை ஒன்று, வுவெய்சிப் பழம், செல்வம் சொன்ன அதே சோளக்கதிர் நூல். தாகம், மெலிவு, ஓயாத சிறுநீர் இவற்றுக்குப் பழைய சீன வைத்தியர்கள் கொடுத்துவந்த சரக்குகள்தான் இவை.

மூலிகை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். 2013இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வில் 800 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குச் சியாவ்கேயும் மறு பிரிவுக்குத் தனிக் கிளிபென்கிளமைடும் 48 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோலக் குறைந்தது. தாழ்சர்க்கரை சியாவ்கே பிரிவில் குறைவு. ஆகவே அடுத்த வீட்டு அம்மா தனக்கென்று எழுதிக் கொடுத்த மருந்தாக, வேறு எதுவும் சேர்க்காமல், சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் அது அவர் பாடு. உங்கள் வீட்டில் நடந்தது வேறு.

இன்னும் ஒன்று. கிளிபென்கிளமைட் சீக்கிரம் உடம்பைவிட்டுப் போகாது. வயதானவர்களிடமும் சிறுநீரகம் தளர்ந்தவர்களிடமும் இன்னும் தங்கும். அதனால்தான் முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் அதைப் போட்டிருக்கிறார்கள். தேநீர் குடித்துத் தெளிந்தவர் இரவில் தூக்கத்திலேயே மறுபடி இறங்கிவிடலாம். இனி இப்படி நடந்தால், இனிப்பு கொடுத்து, 15 நிமிடம் கழித்துக் குத்திப் பார்த்து, சரியானாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

செல்வம் தம்பிக்கு: பக்க விளைவே இல்லாத மருந்துக்கு விளைவும் இருக்காது. 2008இல் நான் சிங்கப்பூரில் மருந்தகத்தில் வேலையில் இருந்தேன். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் தாழ்சர்க்கரையோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள், சர்க்கரை நோயே இல்லாதவர்கள். விசாரித்தால் ‘மூலிகை’ என்று விற்ற ஆண்மை மாத்திரை. உள்ளே கிளிபென்கிளமைட், அள்ளிக் கொட்டியிருந்தது. 7 பேர் நினைவிழந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு சீனாவின் சின்ஜியாங்கில் போலி நீரிழிவு மருந்தில் இதே சரக்கு, அங்கும் சாவு. சியாவ்கேயாவது உள்ளே இருப்பதைச் சொல்லி விற்கிறது. சொல்லாமல் விற்பவைதான் எனக்குப் பயம்.

உங்கள் அம்மா நடந்து போவது சந்தோஷம். அவருடைய ஹெச்பிஏ1சி என்ன? கடைசியாக எப்போது கண் பின்புறத்தைப் பார்த்தார்கள்? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு? நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் அரிக்கும்போது, கோயிலுக்கு நடப்பதைத் தடுக்காது. மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். அதைத்தான் ஊரில் ‘மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்’ என்று திருப்பிச் சொல்கிறார்கள். மெட்ஃபார்மினுக்கு வழி காட்டியதே கலேகா என்ற ஐரோப்பியச் செடிதான், அதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

கோவை வாசகர்:

ஐயா, இடையில் ஒரு கேள்வி. இணையத்தில் பெர்பெரின் என்ற மாத்திரையை ‘இயற்கை ஓசெம்பிக்’ என்று விற்கிறார்கள். அதுவும் சீன மூலிகையிலிருந்து வருவதாமே? எனக்கு ஹெச்பிஏ1சி 6.8. மெட்ஃபார்மின் 500 மட்டும் சாப்பிடுகிறேன்.

நான்ஜிங்கில் படித்தவள்:

இதற்கு நான் சொல்கிறேன். சீனாவில் மருத்துவம் படித்தேன். பயிற்சிக் காலத்தில் சில வாரங்கள் ஒரு சீன வைத்திய மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவில் இருந்தேன். நம்மவர்கள் நினைப்பதுபோல அங்கே தாடி வைத்த தாத்தா கையைப் பிடித்துப் பார்த்து அனுப்பிவிடுவதில்லை. வந்தவுடன் ரத்தம் எடுக்கிறார்கள். ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின், கொழுப்பு எல்லாம். இன்சுலின் வேண்டியவருக்கு இன்சுலின் போடுகிறார்கள். அதன் பிறகுதான் நாக்கை நீட்டச் சொல்வதும், மணிக்கட்டில் மூன்று விரல் வைப்பதும். கஷாயம் பெரும்பாலும் மாத்திரையோடு சேர்ந்துதான் போகும்.

மருந்தகம்தான் எனக்குப் பிடித்த இடம். சுவர் முழுவதும் சிறு இழுப்பறைகள். சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்து, காகிதத்தில் கொட்டுவார்கள். வீட்டில் காய்ச்ச நேரமில்லாதவர்களுக்கு அங்கேயே இயந்திரத்தில் காய்ச்சி, நெகிழிப் பைகளில் அடைத்துக் கொடுப்பார்கள். காலை ஒன்று, மாலை ஒன்று. பிடித்துப் பார்த்தால் இன்னும் சுடும்.

பெர்பெரின் இருப்பது ஹுவாங்லியன் என்ற வேர்த்தண்டில். உடைத்தால் உள்ளே அடர்மஞ்சள், விரலில் ஒட்டினால் சீக்கிரம் போகாது. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. ‘ஊமை ஹுவாங்லியன் தின்றதுபோல’ என்று சீனத்தில் ஒரு பழமொழியே உண்டு. பட்ட துன்பத்தை வெளியே சொல்ல முடியாதவனைப் பற்றியது. நம் நாட்டு மருந்துக்கடை மரமஞ்சளிலும் இதே பெர்பெரின்தான் இருக்கிறது. சீனாவில் அதைப் பல காலமாக வயிற்றுப்போக்கு மாத்திரையாகத்தான் விற்றுவந்தார்கள்.

நீரிழிவுக்கு அதிகம் பேசப்படும் ஆய்வு ஷாங்காயிலிருந்து வந்தது, 2008. புதிதாக நோய் கண்ட 36 பேர். பாதிப் பேருக்குப் பெர்பெரின், பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், இரண்டும் 500 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, மூன்று மாதம். பெர்பெரின் பிரிவில் ஹெச்பிஏ1சி 9.5இலிருந்து 7.5க்கு வந்தது, மெட்ஃபார்மினுக்கு நிகராக. எனவே வெறும் கதை என்று தள்ள முடியாது. ஆனால் 36 பேர், மூன்று மாதம். இதய நோய் குறைந்ததா, கண் பிழைத்ததா என்று மெட்ஃபார்மினுக்குப் பல்லாண்டு பார்த்ததுபோல இதற்குப் பார்க்கவில்லை. ஓசெம்பிக் என்ற நீரிழிவு ஊசி வேலை செய்யும் வழியே வேறு. அந்தப் பெயரை ஒட்டியது வியாபாரம்.

உங்களுக்கு 6.8, சின்ன அளவு மெட்ஃபார்மின். அதைக் கூட்ட இன்னும் இடம் இருக்கும்போது பெர்பெரினுக்கு ஏன் காசைச் செலவழிக்க வேண்டும் என்பது என் கேள்வி. வயிற்றைக் கலக்கும். வேறு பல மருந்துகளை ஈரல் கரைக்கும் வேகத்தைக் குறைத்து ரத்தத்தில் அவற்றைக் கூட்டிவிடும். சிறுநீரக மாற்று செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஓர் எடுத்துக்காட்டு. கர்ப்பிணிகளும் பச்சிளங்குழந்தைகளும் பக்கத்திலேயே போகக் கூடாது. குழந்தைகளின் மஞ்சள் காமாலையைக் கருதித்தான் சிங்கப்பூரில் 1978இல் இதைத் தடை செய்தார்கள். தடை நீங்கியது பல பத்தாண்டுகள் கழித்து.

கஷாயமாகக் கொடுப்பவர்களுக்கும் கசப்பின் கேடு தெரியும். பெய்ஜிங் குவாங்அன்மென் மருத்துவமனையின் தொங் சியாவ்லின் ஹுவாங்லியனை நிறைய எழுதுவார் என்று பெயர் பெற்றவர். வயிறு தாங்குவதற்காகக் கூடவே சுக்கு சேர்ப்பார். இந்த ஜோடி எனக்கு நம் பாட்டி வைத்தியம்போலவே பட்டது. மல்பெரிக் கிளையிலிருந்து பிரித்தெடுத்த சத்தை மாத்திரையாக்கி 2020இல் சீனா நீரிழிவு மருந்தாக அனுமதித்தது. குடலில் மாவுச்சத்து உடைவதைத் தாமதப்படுத்தும். நம் ஊரில் எழுதும் வோக்லிபோஸ் செய்யும் வேலைதான். மூலிகையிலிருந்து வந்தாலும் அளந்து, சோதித்து, அட்டையில் எழுதி வந்தது. இந்த வழியில் வந்தால் எனக்கு மறுப்பு இல்லை.

புந்தோங் வாசகி:

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. சீன அம்மாவின் மகள் பெட்டியைப் பார்த்துப் படித்துச் சொன்னாள். அந்த நான்கு எழுத்துகள் இருக்கின்றன. அளவும் நீங்கள் சொன்னதேதான். அந்த அம்மா முகம் வெளுத்துப்போய், மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார். அவர் வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லையாம். குவாங்சோ டாக்டர் கொடுத்த இதை மட்டும்தான்.

கிளினிக்கில் யாரும் திட்டவில்லை. மருந்துக் கவுன்டரில் இருந்த பெண் புட்டியைப் படம் எடுத்துக்கொண்டு, வேறு யாராவது சாப்பிடுகிறார்களா என்று விசாரித்தாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் இரவு ஊசி ஒன்று, குறைந்த அளவில், என்று மறுபடி ஆரம்பித்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், “மூலிகை என்று நினைத்ததும் மாத்திரைதானா” என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இவர் மனம் சமாதானமாக, நல்ல சின்செ ஒருவரிடம் கஷாயமாவது வாங்கிக் கொடுக்கலாமா? அந்த அம்மாவே, தனக்குத் தெரிந்தவரிடம் அழைத்துப் போகிறேன் என்கிறார்.

பழைய மருந்தாளர்:

போகலாம். ரத்த முடிவு வரட்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வேண்டாம். பாரம்பரிய, துணை மருத்துவர்களுக்கென்று மலேசியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் பதிவானவரா என்று கேளுங்கள். நல்ல சின்செ கோபித்துக்கொள்ள மாட்டார். கிளினிக் மாத்திரை அட்டைகளையும் கருவியின் எண்களையும் அவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நிறுத்து என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சீட்டில் என்னென்ன சரக்கு என்று எழுதி வாங்குங்கள். பொடியாகவோ உருண்டையாகவோ, பெயர் இல்லாத பொட்டலத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள். காய்ச்சும் சரக்கைக் கண்ணால் பார்க்கலாம்; வேர் வேராக இருக்கும், பட்டை பட்டையாக இருக்கும். பொடியில் என்ன அரைத்தார்கள் என்று யார் கண்டது? கடையில் ஆயத்தமாக வாங்கினால் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணின் கடைசியில் ஆங்கில டி (T) எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தாகப் பதிவானவற்றில் கிளிபென்கிளமைட் போன்றவற்றைச் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது. கரைத்துக் குடிக்கும் குருணை மருந்துகள் பலவற்றில் சீனியே சேர்த்திருப்பார்கள். சீனி சேர்க்காதது என்று கேட்டு வாங்குங்கள்.

சிவப்புப் பேரீச்சை, உலர் லோங்கன் பழம் எல்லாம் கஷாயத்தில் விழும். இனிப்புதான், அவை வேண்டாம் என்று சொல்லலாம். அதிமதுரத்தைச் சீனர்கள் பாதிச் சீட்டில் போடுவார்கள். நாள்பட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு அழுத்த மாத்திரை இருந்தால் அதையும் சின்செயிடம் சொல்லுங்கள்.

கஷாயம் தொடங்கிய முதல் இரண்டு வாரம் காலையிலும் இரவு படுக்கும் முன்னும் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே போனால் கஷாயத்தை நிறுத்திவிட்டுக் கிளினிக்கிற்குப் போங்கள். இரவு ஊசியைப் பற்றி அவர் கேட்டால், ஊசி மிகச் சிறியது, பேனா போல இருக்கும், வயிற்றில் கொழுப்புள்ள இடத்தில் போடுவது என்று கிளினிக் நர்ஸை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். பார்க்காமலே பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

மீதி உருண்டைகளைக் குப்பையில் போடாதீர்கள், பேரன் இருக்கிற வீடு. கிளினிக் மருந்தகத்தில் பழைய மருந்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், புட்டியோடு கொடுத்துவிடுங்கள்.